தில்லைநாயகம் செத்த அன்னைக்கு

பாருங்கம்மா, நல்லாவே பாருங்க. பஸ் கிருஷ்ணகிரி தாண்டினதுலேர்ந்து போனை ஒரு தடவை, என் மூஞ்சியை ஒரு தடவைன்னு மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு வர்றீங்க. நான்தான். அந்த வீடியோவுல அடிக்கிற ஆளு நான்தான். அந்த அறையும் நிஜம்தான். கீழே எவனோ எழுதியிருக்கானே, "ஒரிஜினல் அறை"ன்னு, சிரிக்கிற பொம்மை ரெண்டு போட்டு? அவன் சொல்றது பொய் இல்ல.

சீட்டு மாறணும்னா மாறிக்குங்க. பின்னாடி காலியாத்தான் கிடக்கு. கடிச்சிட மாட்டேன்.

என் பேரு தெரியுமா உங்களுக்கு? தெரியாது. யாருக்கும் தெரியாது. "சார், நீங்க அந்த சீரியல்ல வர்ற மாமனார்தானே?" "நீங்க அந்தப் படத்துல நீதிபதியா வருவீங்கல்ல?" இப்படித்தான் நாப்பது வருஷமா. கஜேந்திரன். வாலாஜா கஜேந்திரன். டைட்டில்ல என் பேர் ஓடி முடியுற வரைக்கும் ஜனங்க இருட்டுல சீட்டைத் தேடிக்கிட்டு இருப்பாங்க. அப்புறம் எங்க தெரியப் போகுது?

எங்கப்பாவுக்கு வாலாஜாபேட்டையில சைக்கிள் கடை. நான் கடையில நின்னு கூப்பிட்டா பஸ் ஸ்டாண்டுல இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரலை வச்சுத்தான் மெட்ராஸ் வந்தேன். நாடகத்துல சேர்ந்தேன். அப்புறம் சினிமா. முதல் வசனம் என்ன தெரியுமா? "ஐயா, வண்டி ரெடி." அவ்வளவுதான். அதைச் சொன்னதுக்கு சவுண்டு இன்ஜினியர் வெளியில ஓடி வந்து, "யாருய்யா அது, மைக்கை விட்டுத் தள்ளி நிக்கச் சொல்லு, காது கிழியுது"ன்னான். அன்னைக்கு அந்த ஃப்ளோர்ல எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. அதுக்கப்புறம் சப்-இன்ஸ்பெக்டர். வில்லனுக்குப் பின்னாடி நிக்கிற ஆளு. மந்திரி. நீதிபதி. கதாநாயகிக்கு அப்பா. ஹீரோவுக்குத் தாத்தா. குத்து வாங்கிச் செத்திருக்கேன், மலையிலேர்ந்து விழுந்து செத்திருக்கேன், கார் வெடிச்சுச் செத்திருக்கேன். மீசை மாறும், தலைமுடி மாறும், நான் அதே ஆளு.

அடி வாங்கினதைச் சொல்லட்டுமா? ஒரு ஹீரோ, பேர் வேண்டாம், இப்ப பெரிய மனுஷன். டைமிங் தெரியாது அவனுக்கு. டைமிங்னா என்னன்னு கேளுங்க. கை வர்ற நேரத்துக்கு நாம மூஞ்சியைத் திருப்பணும். கை காத்துல போகும், சத்தத்தை அப்புறம் சேர்த்துக்குவாங்க. பார்க்கிறவனுக்கு விழுந்த மாதிரி இருக்கும். அவனுக்கு அது வரல. முழங்கையோட வந்து என் தாடையில இறங்கிச்சு. பல்லு ஆடிப் போச்சு. வாய் முழுக்க ரத்தம். அவன் வந்து கை குலுக்கினான். "சூப்பர் சார், நிஜமாவே வலிச்ச மாதிரி பண்ணீங்க"ன்னான். நான் என்ன பண்ணேன்? தேங்க்ஸ் சொன்னேன். யூனியனுக்கு ஓடினேனா? அழுதேனா? துப்பிட்டு அடுத்த ஷாட்டுக்கு நின்னேன். அன்னைக்கு வீட்டுக்குப் போனா குழம்புல உப்பு இல்ல. தட்டைத் தூக்கி எறிஞ்சேன், அது வேற விஷயம். ஆம்பளைக்குக் கோவம் எங்கயாவது போய்த்தானே ஆகணும்?

இதை எதுக்குச் சொல்றேன்னா, அடி வாங்கறதுன்னா என்னன்னு தெரியாதவன் இல்ல நான். அதைச் சொல்லிட்டு அந்தம்மா கதைக்கு வர்றேன்.

லோகநாயகி. உங்க போன்ல அடி வாங்குதே, அந்தம்மா. குரூப் டான்ஸ்ல பின்வரிசையில ஆடிக்கிட்டிருந்துச்சு. அப்புறம் ஹீரோவுக்கு அக்கா, அப்புறம் அம்மா. அதுக்கும் என்னை மாதிரிதான், எல்லாருக்கும் மூஞ்சி தெரியும், எவனுக்கும் பேர் தெரியாது. சீரியல்ல என்னை அதுக்குப் புருஷனாப் போட்டாங்க. நான் தில்லைநாயகம், ஜவுளிக்கடை முதலாளி, வீட்ல எல்லாரையும் ஆட்டிப் படைக்கிறவன். அது எனக்குப் பயந்து சாகிற பொண்டாட்டி. வருஷக் கணக்கா ஓடிச்சு. என் சொந்தப் பொண்டாட்டியோட உட்கார்ந்து பேசினதை விட அந்தம்மாவோட உட்கார்ந்து இருந்ததுதான் ஜாஸ்தி.

ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு. வீட்லேர்ந்து எலுமிச்சை சாதம் கொண்டு வரும், எல்லாருக்கும் குடுக்கும். நானும் சாப்பிட்டிருக்கேன். எப்ப கெட்டுச்சுன்னா, அது எனக்கு வசனம் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சப்ப.

மறதி எல்லாம் இல்லம்மா எனக்கு. யாராவது அப்படிச் சொன்னா நம்பாதீங்க. சீரியல்ல எப்படின்னா, காலையில ஒரு பேப்பர் குடுப்பான், ஷாட்டுக்கு முன்னாடி அதைக் கிழிச்சுட்டு வேற ஒண்ணு குடுப்பான். யாருக்கு நிக்கும்? சின்னப் பசங்களே உளறுவாங்க. நான் ஒரு இடத்துல நிறுத்தினேன்னா, அது யோசிக்கிறது. தில்லைநாயகம் யோசிக்கிறான். அந்தம்மாவுக்குப் பொறுக்காது. எதிர்ல நின்னுக்கிட்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, சத்தமே இல்லாம வாயை அசைக்கும். என் வசனத்தை! எனக்கு! நான் பிடிச்சுக்கிட்டுச் சொல்லி முடிப்பேன். டைரக்டர் ஓகேம்பான். அது ஒண்ணுமே நடக்காத மாதிரி போய் உட்கார்ந்துக்கும்.

ஒரு நாள் கேட்டேன், "என்னம்மா, எனக்கு டீச்சரா நீங்க?"

"இல்ல சார். டேக் நிறையப் போனா உங்களுக்குத்தான் களைப்பு. அதான்."

"என் களைப்பைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க."

"சரி சார்"னுச்சு. மறுநாள் மறுபடி வாயை அசைக்குது. அதுவும் என்னைப் பாவம் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. நான் திட்டினாக் கூடப் பொறுத்துக்குவேன். பாவம் பார்த்தாப் பொறுக்க மாட்டேன்.

அந்த அறைக் காட்சிக்கு வர்றேன். பொண்ணு நிச்சயதார்த்தம். ஊரே உட்கார்ந்திருக்கு. இத்தனை வருஷம் வாயைத் திறக்காத பொண்டாட்டி அன்னைக்கு எழுந்து, "என் பொண்ணுக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம்"கிறா. தில்லைநாயகம் பேசிட்டு, ஓங்கி ஒரு அறை. ஒத்திகை பார்த்தோம். டைமிங் சரியா வந்துச்சு. அந்தம்மாவுக்குத்தான் அதெல்லாம் நல்லாத் தெரியுமே, டான்ஸ் ஆடின உடம்பு.

டேக் போனோம். நான் பேசிக்கிட்டு வர்றேன். நடுவுல ஒரு வார்த்தை. "மரியாதை"ன்னு வரணும். வரல. நின்னேன். யோசிச்சேன். அந்தம்மா வாயை அசைக்குது. நான் பார்க்கல. பார்க்கக் கூடாதுன்னு இருந்தேன். அப்ப அது என்ன பண்ணிச்சு, மெல்லமா, சத்தம் வெளியில வர்ற மாதிரியே, "மரியாதை சார்"னுடுச்சு. கூட்டத்துல உட்கார்ந்திருந்த துணை நடிகருங்கள்ல ஒருத்தன் சிரிச்சான். டைரக்டர் சிவநேசன், நேத்து வந்த பையன் அவன், "பரவால்ல சார், அங்கேர்ந்தே போங்க, கட் பண்ணிக்கலாம்"கிறான். கேமரா ஓடுது. நான் அங்கேர்ந்தே போனேன். மரியாதைன்னேன். கையை ஓங்கினேன். அது டைமிங்ல மூஞ்சியைத் திருப்பிச்சு. நான் டைமிங் பார்க்கல.

உங்க போன்ல சத்தம் கேட்டிருக்குமே. அது சேர்த்த சத்தம் இல்ல.

சோபா கைப்பிடியில போய் விழுந்துச்சு. விழுந்து, எழுந்து, முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு, அது பேச வேண்டிய வசனம் நாலு வரி, அத்தனையும் பேசி முடிச்சுது. ஒரு வார்த்தை பிசகல. அப்புறம்தான் டைரக்டர் கட் சொன்னான்.

நான் கை தட்டுவாங்கன்னு நின்னேன். பெரிய ஷாட்டு முடிஞ்சா செட்டுல தட்டுவாங்க, அது வழக்கம். ஒருத்தன் தட்டல. லைட்மேன் பரண் மேலேர்ந்து எட்டிப் பார்த்துக்கிட்டு இருக்கான். மேக்கப் போடுற பொண்ணு ஐஸ் எடுத்துக்கிட்டு ஓடுது. அந்தம்மா டைரக்டரைப் பார்த்து, "டேக் ஓகேவா?"ன்னுச்சு. "ஓகேம்மா"ன்னான். "அப்ப சரி. இன்னொண்ணு வேண்டாம்"னுட்டு நடந்து போயிடுச்சு. என்னைத் திரும்பிப் பார்க்கல.

நான் நடிப்புக்காகச் செஞ்சது அது. ஒளிபரப்பானப்போ என்னாச்சுன்னு கேளுங்க. தமிழ்நாட்டுல பேசாத வீடு இல்ல. கோயம்பேடு மார்க்கெட்டுல ஒரு பொம்பளை என் மூஞ்சிக்கு நேரா, "நீயெல்லாம் நல்லாருப்பியா?"ன்னு கேட்டா. என் வாழ்நாள்ல அதை விடப் பெரிய அவார்டு வாங்கினதில்ல நான். அந்த வாரம் அந்தச் சீரியல்தான் நம்பர் ஒண்ணு. யாரால? அடிச்சவனாலயா, அடி வாங்கினவளாலயா? சொல்லுங்க. சொல்ல மாட்டீங்க.

ஆனா செட்டுல என்ன நடந்துச்சு? நான் உட்கார்ந்தா பக்கத்து நாற்காலி காலியாயிடும். டீ குடுக்கிறவன் வச்சுட்டுப் போவான், கையில குடுக்க மாட்டான். புரொடக்‌ஷன் மேனேஜர் சொல்றான் என்கிட்டயே, "சார், உங்க மேல கம்ப்ளெயின்ட் எழுதச் சொல்லி எல்லாரும் சொன்னாங்க. லோகாம்மாதான் வேண்டாம்னுட்டாங்க. வயசான மனுஷன், இதை விட்டா அவருக்கு வேற என்ன தெரியும், விடுங்கன்னாங்க." பார்த்தீங்களா திமிரை? கம்ப்ளெயின்ட் குடுத்திருந்தா நேரா நின்னு பதில் சொல்லியிருப்பேன். வேற என்ன தெரியும்னு கேட்டா என்ன பதில் சொல்றது?

அதுக்கப்புறம் ஒரு நாள் சிவநேசன் வந்து பக்கத்துல உட்கார்ந்தான். உட்காரும்போதே தெரிஞ்சுபோச்சு. "சார், தில்லைநாயகம் கேரக்டரை முடிச்சிரலாம்னு சேனல்ல ஃபீல் பண்றாங்க. ஹார்ட் அட்டாக். ரொம்ப கௌரவமா முடிக்கிறோம் சார்."

"லோகநாயகி சொல்லிச்சா?"

"அவங்க எதுவும் சொல்லல சார்."

"பொய் சொல்லாத."

"சார், ஆடியன்ஸ் உங்களை வெறுக்கிறாங்க."

"அதுக்குத்தானேய்யா நடிக்கிறேன்!"

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "இது வேற மாதிரி சார்"னான். என்ன வேற மாதிரி?

சரி, சாகிறது எனக்குப் புதுசா? எத்தனை சாவு செத்தவன் நான். ஆனா அன்னைக்கு ஒரு காரியம் நடந்துச்சு. என் பொண்டாட்டி பாக்கியம் ஷூட்டிங் பார்க்க வர்றேன்னா.

அவளை நான் ஒரு நாளும் செட்டுக்குக் கூட்டிப் போனதில்ல. சினிமாக்காரன் பொண்டாட்டி செட்டுக்கு வந்தா மரியாதை இருக்காது. அவளும் கேட்டதில்ல. கேட்கிற பொம்பளையே இல்ல அவ. என்னைக் கேட்டீங்கன்னா, நல்ல பொம்பளை. ஒண்ணு தவிர. கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. நான் கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன், அவ பாட்டுக்கு அடுப்பைப் பார்த்துக்கிட்டு நிப்பா. அழுத்தம். அதுக்காகவே கை நீட்டியிருக்கேன். எந்த வீட்ல இல்ல?

"இன்னைக்கு நான் சாகிற சீன். பொண்டாட்டி அதைப் பார்க்கக் கூடாது, ஆகாது. டிவியில வந்தாக் கூட நீ பார்க்காதே"ன்னு சொல்லிட்டு சட்டை போட்டுக்கிட்டு இருக்கேன். அவ புடவை மாத்திக்கிட்டு வந்து நிக்கிறா. "நானும் வர்றேன்"னா.

"எதுக்குடி?"

"பார்க்கணும்."

அவ்வளவுதான் சொன்னா. கார்ல ஏறி உட்கார்ந்துட்டா. டிரைவர் முன்னாடி என்ன பண்றது?

ஹால்ல பெஞ்சு போட்டு என்னைப் படுக்க வச்சாங்க. தாடைக்குக் கட்டு, மூக்குல பஞ்சு, நெத்தியில காசு, ஆளுயர மாலை. ஊதுபத்திப் புகை மூஞ்சிக்கு நேரா வருது, இருமக் கூடாது. ஒரு ஷாட்டு எடுத்தான். அப்புறம் ஒரு லைட்டு எரியலன்னு வேலை பார்க்க ஆரம்பிச்சாங்க. நான் எழுந்திருக்கல. எழுந்தா மாலை கலையும், பொட்டு கலையும், மறுபடி முதல்லேர்ந்து பண்ணணும். அந்த ஒழுக்கம் இப்ப எவனுக்கு இருக்கு? கண்ணை மூடிக்கிட்டு அப்படியே கிடந்தேன். நான் தூங்கிட்டேன்னு நினைச்சிருப்பாங்க போல.

என் தலைமாட்டுல அந்தம்மா உட்கார்ந்திருந்துச்சு, அழுற சீனுக்குத் தயாரா. பாக்கியம் வந்து பக்கத்துல உட்கார்ந்தா. வளையல் சத்தத்துல தெரிஞ்சுது.

"நீங்கதான் சாரோட வீட்டுக்காரம்மாவா?" இது லோகநாயகி.

"ஆமாம்மா. நான் டிவியில உங்களைத் தினம் பார்க்கிறேன்."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு." அப்புறம் பாக்கியம் கேட்கிறா, "அன்னைக்கு வலிச்சுதாம்மா?"

லைட்மேன் எதையோ உருட்டுறான். பாக்கியம் மறுபடி, "நிச்சயதார்த்தத்துல. அது நெசமா விழுந்த அடின்னு எனக்குத் தெரியும். அந்தக் கை எப்படி வரும்னு எனக்குத் தெரியும்மா."

"காதுதான்"னுச்சு லோகநாயகி. "இந்தப் பக்கம் உய்யின்னு ஒரு சத்தம். கொஞ்ச நாள் ஒண்ணுமே கேட்கல. டாக்டர்கிட்ட போய்க்கிட்டு இருக்கேன்."

"போயிடுங்க. விட்டுடாதீங்க. நான் விட்டுட்டேன். எனக்கு வலது பக்கம் மந்தம், இடது பக்கம் ஒண்ணுமே கேட்காது."

"எப்பலேர்ந்து?"

"எம்பொண்ணு யாமினி வயித்துல இருந்தப்பலேர்ந்து."

நான் பொணம். அசையக் கூடாது. ஒரு மனுஷன் செத்துக் கிடக்கான், மூக்குல பஞ்சோட, தலைமாட்டுல உட்கார்ந்துக்கிட்டு ரெண்டு பொம்பளைங்க காதைப் பத்திப் பேசுறாங்கம்மா! எனக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்லுங்க. அதுவும் எங்க குடும்ப விஷயத்தை, வெளியாள்கிட்ட! எழுந்து கத்தியிருப்பேன். கன்டினியூட்டிக்காகப் படுத்திருந்தேன். அதுதான் தொழில் பக்தி.

லைட்டு வந்துச்சு. ஷாட்டு ரெடின்னான். அந்தம்மா அழுதுச்சு. கிளிசரின் போடலியாம், அப்புறம் சொன்னாங்க. என் நெஞ்சு மேல தலையை வச்சு அழலை, என் பக்கமே வரல. பாக்கியத்தைப் பார்த்துக்கிட்டே அழுதுச்சாம். டைரக்டர் கட் சொல்ல மறந்துட்டானாம். அன்னைக்குக் கை தட்டினாங்க. நல்லாக் கேட்டுச்சு எனக்கு. செட்டே தட்டிச்சு. நான் செத்ததுக்குத் தட்டின மாதிரி இருந்துச்சு.

கண்ணைத் திறந்து பார்த்தா பாக்கியம் எதிர்ல நிக்கிறா. கண்ணு கலங்கல. "முடிஞ்சுதா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான்.

கார்ல வர்றப்ப கேட்டேன், "உனக்குக் காது கேட்காதா?"

"இடது பக்கம்."

"அதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேன். நீங்க என்ன பதில் சொன்னீங்கன்னுதான் கேட்கல."

வாயைப் பாருங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஒரு வீட்ல இருக்கோம். கூப்பிட்டாத் திரும்பலன்னு நான் அடிச்சிருக்கேன், சரி, அடிச்சேன். கேட்கலன்னு தெரிஞ்சிருந்தா அடிப்பனா? சொல்லாதது யார் தப்பு? திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கணுமா இல்லியா? நீங்களே சொல்லுங்க. ஜன்னலைப் பார்க்காதீங்க. நான் கேட்கிறேன்ல?

சரி. சொல்ல வேண்டாம்.

அதோட விட்டாங்களா? ரெண்டு பேரும் சிநேகிதமாயிட்டாங்க. லோகநாயகி போகிற டாக்டர்கிட்டயே இவளையும் கூட்டிக்கிட்டுப் போச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல. சின்னதா, மொச்சைக்கொட்டை மாதிரி ஒரு மெஷினைக் காதுல மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறா. நான் வாசல்லேர்ந்து, "எங்கடி போயிருந்தே?"ன்னேன். திரும்பினா. உடனே திரும்பினா, அதைச் சொல்லணும். திரும்பி என்ன சொன்னாத் தெரியுமா?

"மெதுவாப் பேசுங்க. எனக்கு நல்லாக் கேட்குது."

இந்தக் குரலை! சினிமாவுல மைக்கை விட்டுத் தள்ளி நிக்கச் சொன்னாங்களே, மேடையில கடைசி வரிசைக்குக் கேட்டுச்சே, இந்தக் குரலைப் பார்த்து மெதுவாப் பேசுங்களாம். நான் கையை ஓங்கினேன். அவ ஒதுங்கல. காதுல இருந்த மெஷின் மேல ஒரு கையை வச்சுக்கிட்டு அப்படியே நின்னா. அடிபட்டா உடைஞ்சிடும்னு பார்த்தா போல. எனக்கு என்னமோ கை இறங்கிடுச்சு. அடிக்கல நான். அடிக்கவே இல்ல. அதை யாராவது எழுதுவானா போன்ல?

சீரியல்ல என்ன பண்ணான்னு பார்த்திருப்பீங்க. தில்லைநாயகம் போட்டோவுக்கு மாலை போட்டு ஹால்ல மாட்டிட்டான். அதுக்குக் கீழே அந்தம்மா கலர் புடவை கட்டிக்குது, ஜவுளிக்கடை கல்லாவுல உட்காருது, கார் ஓட்டக் கத்துக்குது. கார்! ஜனங்க அப்படிப் பார்த்தாங்களாம். என் பாக்கியம் தினம் சாயங்காலம் உட்கார்ந்து பார்ப்பா. நான் பக்கத்துல உயிரோட உட்கார்ந்திருக்கேன், டிவியில என் போட்டோவுக்கு ஊதுபத்தி காட்டுறாங்க, இவ வாயெல்லாம் சிரிப்பா அந்தப் பொம்பளை கியர் போடுறதைப் பார்க்கிறா. ஒரு நாள் டிவியை அணைச்சேன். "போடுங்க"ன்னா. "போட மாட்டேன்"னேன். சண்டை போடல. எழுந்து உள்ள போயிட்டா.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு டப்பிங் இருந்துச்சு, கார்ட்டூன் படத்துல ஒரு கரடிக்குக் குரல். போயிட்டு வந்தேன். வீடு பூட்டியிருக்கு. சாவி பக்கத்து வீட்ல. ஓசூர்ல யாமினி வீட்டுக்குப் போயிட்டாளாம். சாதம் வடிச்சு மூடி வச்சுட்டுத்தான் போயிருந்தா. அதை நான் சொல்லித்தான் ஆகணும்.

வந்துடுவா, வந்துடுவான்னு பார்த்தேன். தீபாவளி போச்சு, பொங்கல் போச்சு. போன் பண்ணா யாமினிதான் எடுப்பா. "அம்மா நல்லாருக்காங்கப்பா"ம்பா, வச்சுடுவா. குடும்பத்தைப் பிரிச்சது யாரு? அந்த லோகநாயகி. ஒரு அறைக்குப் பழி வாங்கிச்சு. கம்ப்ளெயின்ட் குடுக்காம, கத்தாம, இப்படி வாங்கிச்சு. அதோட வாயிலேர்ந்து என்னைப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை வரலயாம். எல்லாரும் சொல்றாங்க. அதுதான் ஆபத்தான ஜாதி.

நேத்து மறுபடி கரடிக்குப் பேசப் போனேன். ஒரு வரி வரவே இல்ல. யோசிச்சேன்... இல்ல, வரல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பையன், "சார், வேற ஆளை வச்சுப் பார்த்துக்கிறோம்"னுட்டான். எதிர்ல நின்னு வாயை அசைக்க ஆள் இல்ல அங்க.

அதான் ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சு இன்னைக்குக் காலையில ஓசூர் போனேன். கூட்டிக்கிட்டு வந்துடறதுன்னுதான் போனேன். பக்கத்துல உங்க சீட்டு இருக்கே, அதையும் சேர்த்துத்தான் திரும்பி வர டிக்கெட் போடச் சொன்னேன், போன்ல. அப்புறம் கேன்சல் பண்ணேன். அதுல நீங்க உட்கார்ந்திருக்கீங்க.

வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருந்தா. என்னைப் பார்த்து எழுந்தா. உடம்பு கொஞ்சம் தேறியிருந்துச்சு. "வாங்க"ன்னு சொல்லல. "எதுக்கு வந்தீங்க?"ன்னா.

"கிளம்பு. போகலாம்."

"நான் வரல."

"எனக்கு யார் சமைச்சுப் போடுவா?"

"மெஸ்ஸுல சாப்பிடறீங்கன்னு யாமினி சொன்னா. சாப்பிடுங்க."

"பாக்கியம், வேலை குறைஞ்சுபோச்சு எனக்கு. வீட்லதான் இருக்கேன். பேச ஆளில்ல."

இதை நான் மெதுவாத்தான் சொன்னேன்மா. அவ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தா. என்னமோ சொல்ல வர்ற மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள எதிர் வீட்டுக்காரங்க நாலு பேர், "ஐயோ, டிவியில வர்றவர்! தில்லைநாயகம் சார்!"னு ஓடி வந்துட்டாங்க. சுத்தி நின்னுக்கிட்டாங்க. ஒரு பொண்ணு பாக்கியத்தைப் பார்த்து, "ஆன்ட்டி, நீங்களும் வந்து நில்லுங்க"ன்னுது. இவ, "குடும்மா, நான் எடுக்கிறேன்"னா. போனை வாங்கிக்கிட்டு எனக்கு நேரா நிக்கிறா. போட்டோ எடுக்கக் கூடத் தெரிஞ்சுக்கிட்டா.

"சிரிங்க"ன்னா.

சிரிச்சேன். நடிகன்தானே. எடுத்தா. போனைக் குடுத்தா. அவங்களும் போனாங்க. இவ கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு உள்ள போறா. கதவைச் சாத்தல. திறந்துதான் இருக்கு. உள்ள வாங்கன்னும் சொல்லல. நான் தெருவுல நிக்கிறேன்.

கூப்பிட்டேன். "பாக்கியம்!"

காதுல மெஷின் இருக்கு. நான் பார்த்தேன். நடந்துக்கிட்டே இருக்கா.

அப்புறம் நான் விட்டேன்மா ஒரு குரல். வாழ்நாள்ல எந்தப் படத்துலயும், எந்த மேடையிலயும் அப்படி விட்டதில்ல. அடிவயித்துலேர்ந்து வந்துச்சு. "பாக்கியம்!"னு. தெருவே திரும்பிச்சு. மாடியில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தவ நிறுத்திட்டா. பால்காரன் வண்டியை நிறுத்திட்டான். நிறுத்திட்டு, சுத்தி முத்தும் பார்த்துட்டு, சந்தோஷமா எங்கிட்ட வந்து கேட்கிறான்:

"ஷூட்டிங்கா சார்? கேமரா எங்க வச்சிருக்காங்க?"